நூற்று இருபதாவது பதில்

"இந்தப் பதில்களையெல்லாம் சொன்னது யாரு?" என்று கேட்டார் ஹில்டா மேடம்.

மேசைமேல் நான்கு பக்கங்கள் இருந்தன. முதல் பக்கத்தில் என் மகள் யாமினியின் பெயர், விண்ணப்ப எண், ஒரு சிறிய புகைப்படம். படத்தில் அவள் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றிருந்தாள். ஸ்டூடியோக்காரர் மூன்று முறை எடுத்தும் அப்படித்தான் வந்தது.

"யாமினிதான்," என்றேன்.

பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் ஆலோசகர் அவர். அறுபதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் மேடம்."

"தெரியும். உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன்."

என்னை மட்டும் தனியாக வரச் சொல்லிப் போன் செய்திருந்தார். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தேன். வழியெல்லாம் என்னென்னவோ கற்பனை செய்தேன். யாராவது பையனாக இருக்கும், உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்றெல்லாம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதம் எனக்குத் தோன்றவே இல்லை.

"வளை எப்படி வேலை செய்யுதுன்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

"படிக்க உதவும்னாங்க. கையில மாட்டிக்கணும், படிப்பு முடியற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னாங்க."

"எல்லாருக்கும் அவ்வளவுதான் சொல்றது." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மார்க்கு மூளையால மட்டும் வர்றதில்லம்மா. ஒருத்தரு எப்படிப்பட்ட ஆளு, எதுக்காகப் படிக்கிறாங்க, இதுல இருக்கு பாதிக்கு மேல. சிலருக்குப் பாடம் பிடிக்கும். சிலருக்கு நாலு பேரு முன்னால ஜெயிக்கணும். சிலருக்குப் பயம். அதத்தான் இந்த நூத்தி இருபது கேள்வி கேக்குது. பதில வெச்சு வளை ஒரு ஆள வரைஞ்சுக்குது. அந்த ஆளு மாதிரி நடந்தா மணிக்கட்டு நரம்பு வழியா ஒரு சின்ன நிம்மதி குடுக்கும். விலகினா ஒரு சின்னத் தவிப்பு. அடிக்காது, திட்டாது. ஆனா ஒரு நாளைக்கு நூறு தடவ. மூணு வருஷமா இதேதான்."

"நல்லதுக்குத்தானே மேடம்?"

"பதில் அந்தப் புள்ளையோடதா இருந்தா நல்லதுதான். இருக்கற செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி."

நான்காவது பக்கத்தை என் பக்கம் திருப்பினார். கடைசிக் கேள்வி: நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள்? ஒரே வாக்கியத்தில் எழுதவும். அதன் கீழே நான் சொல்லித் தட்டச்சான பதில் இருந்தது.

என்னை யாரும் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக.

"போன மாசம் யாமினிய உக்கார வெச்சுக் கேட்டேன். உன்ன யாரு நிறுத்தப் போறா, அப்பாவா, அம்மாவான்னு. யாரும் இல்ல மேடம்னா. அப்புறம் எதுக்கு விடியக்காலம் நாலரைக்கு யாரோ எழுப்பின மாதிரி பதறி எந்திரிக்கிறன்னேன். தெரியலன்னா. படிக்காதன்னு ஒருத்தரு கூட அவகிட்ட சொன்னதில்ல. ஆனா பயம் மட்டும் இருக்கு. அதுக்குப் பின்னால ஒரு கதையும் இல்ல. அப்பத்தான் இந்தக் காகிதத்த எடுத்தேன்."

அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டார்.

"உங்கள யாரும்மா நிறுத்தினது?"

நான் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, விண்ணப்பம் நிரப்பிய அன்று, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் நல்ல கூட்டம். எல்லா நாற்காலியிலும் ஒரு அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்.கே.ஜி. அட்மிஷனிலிருந்து ஆதார் கார்டுவரை பிள்ளைகளின் விண்ணப்பங்களை நாம்தானே நிரப்புகிறோம். அது தவறு என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

யாமினி வெளியே ஒரு நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு நாய்களுக்கெல்லாம் அவள்தான் பெயர் வைத்திருந்தாள், பள்ளிக்கூட வாத்தியார்களின் பெயர். எப்போதும் தூங்குவது ஹிஸ்டரி சார். காரணமில்லாமல் குரைப்பது பி.டி. சார்.

"அக்கா, சைட்டு இருபது நிமிஷத்துல மூடிரும். கேள்விய நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க," என்றான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவன்.

முதல் கேள்வி: தொடங்கிய வேலையை முடிக்காமல் எழ மாட்டேன். எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.

யாமினிக்கு என்றால் ஒருபோதும் இல்லை. அவள் தொடங்கிய எம்பிராய்டரி வளையங்கள் ஐந்து, பாதிப் பூவோடு என் தையல் மிஷினுக்கு மேலே தொங்கின. சட்னியை வழித்துச் சாப்பிடாமல் எழுவாள். கோலத்தில் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் போடுவாள். ஆனால் அதையெல்லாம் சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும்? நன்றாகப் படிக்கும் ஒரு பெண் என்ன பதில் சொல்வாள் என்று யோசித்தேன். நன்றாகப் படிக்கும் பெண்களில் எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தவள் ஒருத்திதான். பத்தொன்பது வயதுச் செண்பகம், பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு.

"எப்போதும்," என்றேன்.

பத்தாவது கேள்வி வருவதற்குள் நான் மகளை மறந்துவிட்டேன். என்னை அப்படி யாரும் கேட்டதே இல்லை. எந்த நேரத்தில் உங்கள் மனம் தெளிவாக இருக்கும்? விடியற்காலை. பிறர் பொருளைக் கேட்டு வாங்குவீர்களா? ஒருபோதும் இல்லை. கோபம் வந்தால் அதை உரியவரிடமே சொல்லிவிடுவேன். ஒருபோதும் இல்லை. அழுகை வந்தால் என்ன செய்வீர்கள்? முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப வேலையில் உட்காருவேன். அவன் படிக்கப் படிக்க நான் சொல்லிக்கொண்டே போனேன். நூற்று இருபதாவது கேள்வியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

"சூப்பர் பதில்க்கா," என்றான் அவன்.

"இத மாத்த முடியாதா மேடம்?" என்று அந்த நான்காவது பக்கத்திலிருந்து நிமிர்ந்து கேட்டேன். "அவளே உக்காந்து வேற பதில் குடுத்தா?"

"மூணு தடவ உக்கார வெச்சேன். மூணு தடவையும் இதே பதில்தான். பொய் சொல்லல. இப்ப அவளுக்கு அதுதான் உண்மை. பதில் மாறினா வளைய மாத்தலாம். வளை இருக்கற வரைக்கும் பதில் மாறாது."

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் வகுப்பு விட்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளை.

"வெள்ளிக்கிழமையோட மூணாவது வருஷம் முடியுது. திங்கக்கிழமை கடைசி வருஷத்துக்கு வளையப் புதுசாப் பூட்டுவாங்க. அதுக்கப்புறம் கழட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அதுவே குணமாயிடும்." ஹில்டா மேடம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒரு வழிதான் இருக்கு. பதில் சொன்னது நான், என் மக இல்லன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டா சேர்க்கையே செல்லாது. அன்னிக்கே வளையக் கழட்டிடுவாங்க. ஆனா மூணு வருஷப் படிப்பும் போயிடும். வளை போடுற எந்தக் காலேஜுலயும் திரும்ப இடம் கிடைக்காது. போடாத காலேஜ் இப்ப எங்க இருக்கு?"

"அவதான் மேடம் டிபார்ட்மென்ட்ல ஃபர்ஸ்ட்டு."

"ஆமா. பயத்துல படிக்கிற புள்ளைங்க நல்லாத்தான் மார்க்கு வாங்குது. அதனாலதான் யாரும் கவலைப்படறதில்ல." தாளை என் முன்னால் வைத்தார். "இந்த வருஷம் மட்டும் இந்த மாதிரி முப்பத்தோரு பேரக் கண்டுபிடிச்சேன். எல்லாரோட அப்பா அம்மாவையும் இதே நாற்காலியில உக்கார வெச்சுச் சொன்னேன். ஒருத்தரும் கையெழுத்துப் போடல. நல்லாத்தானே போயிட்டிருக்கு, இப்ப எதுக்கு மேடம் கெளர்றீங்கன்னு கேட்டாரு ஒருத்தரு."

"போட்டா பழைய யாமினி வந்துடுவாளா?"

"சத்தியமா வருவான்னு என்னால சொல்ல முடியாது. கழட்டின அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. எப்பவாவது, எங்கயாவது, ஒரு சின்ன விஷயத்துல தலகாட்டலாம். காட்டாமலும் போகலாம்."

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன்.

யாமினி பார்வையாளர் கூடத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை இழுத்துப் பின்னியிருந்தாள். பின்னல் பிடிக்காமல் பள்ளிக்கூட வாசலிலேயே அவிழ்த்துவிடுகிற பெண்.

"சாப்ட்டீங்களாம்மா?"

மூன்று வருடத்துக்கு முன்பு நான் அவளுக்கு நீ, வா, போதான். நல்ல உற்சாகத்தில் இருந்தால் செண்பகம் மேடம். இந்த மரியாதை எப்போது தொடங்கியது என்று எனக்கே நினைவில்லை. ஆரம்பத்தில் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. ஏன் திடீர்னு வந்திருக்கீங்க?"

"சும்மாத்தான்." பிறகு, ஒரு பரீட்சை போலச் சொன்னேன். "பி.டி. சார் குட்டி போட்டிருக்காருடி. நாலு."

பழைய யாமினியாக இருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள். அப்பாவுக்குப் போன் போட்டு, குட்டிகளுக்குப் பெயர் வைத்து, பி.டி. சார் மாதிரியே விசில் ஊதிக் காட்டியிருப்பாள்.

"அப்படியா? தடுப்பூசி போட்டாங்களா?" என்றாள்.

"சந்தோஷமா இருக்கியா யாமினி?"

"இருக்கேம்மா. இன்னும் ரெண்டு செமஸ்டர். முடிச்சுட்டா இன்னும் சந்தோஷமா இருப்பேன்."

அவள் குதிகாலைத் தரையில் ஊன்றாமல், பாதத்தின் முன்பகுதியில் மட்டும் தாங்கி உட்கார்ந்திருந்தாள். எந்த நேரமும் யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல. அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் ஹாஸ்டலில் என் அறைத்தோழி அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள்: ஏன்டி, ஓடத் தயாரா இருக்கியா?

அன்று மாலை என் கணவர் குமரேசன் டிப்போவிலிருந்து வந்து, கொல்லைக் குழாயில் கைகளில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் மெக்கானிக்கின் கை, எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். நான் சொல்லி முடிக்கும்போது அவர் குழாயை மூடவே மறந்திருந்தார்.

"பாதியில நிறுத்திடக் கூடாதுன்னா..." என்று மெதுவாகக் கேட்டார். "ஒன்ன யாரு நிறுத்தினா? படிக்கப் பிடிக்கலன்னு நீயேதான் நின்னுட்டதா மாமா சொன்னாரே."

இருபத்து நான்கு வருடம் நான் அதை அவரிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். ஒரு வியாழக்கிழமை அப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். வார்டன் அறையில் உட்கார வைத்து, நல்ல இடம் வந்திருக்கிறது, பெட்டியைக் கட்டு என்றார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினேன். "இன்னும் மூணு செமஸ்டர்தாம்பா. உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும் குடுங்க. முடிச்சுட்டு நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்." உன் நல்லதுக்குத்தாம்மா என்றார். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். பஸ்ஸில் கொய்யாப்பழம் வாங்கி, மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா இறக்கும்வரை அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே செண்பகம்," என்றார் அவர். "மூணு செமஸ்டர் காத்திருக்க மாட்டேனா நான்?"

"காத்திருப்பீங்கன்னு கட்டிக்கிட்ட பத்தாவது நாளே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் சொல்லல. சொன்னா உங்களுக்கு வலிக்கும்."

அவர் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஈரக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் வாடை.

"கையெழுத்துப் போடவா, வேணாமா? நீங்க சொல்லுங்க," என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே எனக்காக ஒருத்தி படிப்ப விட்டிருக்கா. இன்னொருத்தி விட என் வாயால சொல்ல முடியாது." எழுந்து குழாயை மூடிவிட்டு, வேறு எதையோ சொல்வது போலச் சொன்னார். "அந்தப் புள்ள சிரிச்சு மூணு வருஷமாச்சு."

வெள்ளிக்கிழமை காலை ஹில்டா மேடம் யாமினியையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். அவளுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வந்தவள் மேசைமேல் இருந்த தாளைப் படித்தாள். இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டின் வளையைப் பற்றிக்கொண்டது.

"அம்மா, போடாதீங்க."

"யாமினி, இது உன்னோடது இல்லடி. அந்தப் பயம் என்னோடது."

"யாரோடதா இருந்தா என்னம்மா? இப்ப எங்கிட்டதான இருக்கு?" நாற்காலியிலிருந்து சரிந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "இன்னும் ரெண்டே செமஸ்டர். உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும் குடுங்கம்மா. முடிச்சுட்டு நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அந்த வார்த்தைகளை நான் என் மகளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. எதுவுமே கேட்டதில்லையாம். யாமினி கேட்காத பொருள் எங்கள் வீட்டில் உண்டா? பக்கத்து வீட்டுக் கிளியைக் கேட்டு மூன்று நாள் பட்டினி கிடந்தவள். ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு அக்கா வேண்டும் என்று அழுதவள்.

என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது பத்தொன்பது வயதுச் செண்பகம். அவள் மூன்று செமஸ்டர் கேட்டு இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது கேட்பது இரண்டுதான். இந்த முறை கொடுக்கும் அதிகாரம் என் கையில் இருந்தது. கொடுத்தால் அவள் பட்டம் வாங்கிவிடுவாள். என் மகளின் முகத்தோடு, என் மகளின் பெயரில். மறுத்தால் நான் என் அப்பா.

ஹில்டா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"உன்..." என்று ஆரம்பித்தேன். உன் நல்லதுக்குத்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"உன் நல்லதுக்குன்னு சொல்ல மாட்டேன் யாமினி. நல்லதான்னு எனக்குத் தெரியாது. நான் பண்ணின தப்பு இது. தப்ப மட்டும் எழுதித் தரேன்."

கையெழுத்துப் போட்டேன்.

வளையைக் கழற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு இளைஞன் சாவி போன்ற ஒன்றை வைத்து அழுத்தினான், டக்கென்று விட்டுக்கொண்டது. மூன்று வருடம் வெயில் படாத தோல் வெள்ளையாக வட்டம் போட்டிருந்தது. யாமினி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அறைக்குப் போய்த் துணிகளை மடித்தாள். புத்தகங்களைப் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கினாள். எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை. நான் உதவப் போனபோது, "நீங்க உக்காருங்கம்மா" என்றாள், அவ்வளவு பணிவாக. பட்டமும் போய், மகளும் திரும்பாமல், இரண்டையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனோ?

திருச்சியில் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னலோரம். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. குதிகால்கள் தரையில் படவில்லை. பஸ் புறப்படுவதற்கு முன் கொய்யாப்பழக்காரர் கூடையோடு ஜன்னல் பக்கம் வந்தார்.

"மிளகாப்பொடி போட்டது, பாப்பாவுக்கு வாங்கிக் குடுங்கம்மா."

வேண்டாம் என்று தலையசைத்தேன். அதையாவது செய்யாமல் இருக்க வேண்டும்.

கீரனூர் தாண்டிவிட்டது. வெளியே பொட்டல் காடு, கருவேல மரங்கள், வெயில். நான் அவள் மணிக்கட்டின் வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பயணம் முழுதும் தெரியும். இன்னும் அரை மணி நேரத்தில் வீடு வரும். அவள் இறங்குவாள். அப்பாவைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாள். சோறு பரிமாறினால் தட்டைக் காலி செய்வாள். இருபது வருடம் ஒன்றும் நடக்காதது போல இருப்பாள். நான் இருக்கவில்லையா?

"அம்மா."

"என்னடி?"

"உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன்."

மெதுவாக அல்ல. நன்றாக, சத்தமாக. முன் சீட்டில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"ஃபார்ம்ல எம்பேரப் போட்டு நீ யாரோட வாழ்க்கைய எழுதின? என்னக் கேட்டியா? அப்பவும் கேக்கல. இன்னிக்கும் நான் அவ்வளவு கெஞ்சறேன், கேக்கல. எம்மேல உனக்கு என்ன அவ்வளவு கோவம்?" பெட்டி மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "சாகற வரைக்கும் இத உங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன் பாத்துக்க."

அவள் அழுதுகொண்டிருந்தாள், மூக்கு ஒழுக, துடைக்காமல், பஸ் முழுதும் பார்க்க.

அப்பாவின் பக்கத்தில், கொய்யாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் இதில் ஒரு எழுத்தைக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வராது. நூற்று இருபது கேள்வியிலும் தேடிப் பார்த்தாலும் இந்த வாக்கியம் கிடைக்காது. இது வேறு ஒருத்தியுடையது.

கண்டக்டர் அருகில் வந்து, "என்னம்மா பிரச்சின, ஏன் பாப்பா அழுவுது?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க, எம்பொண்ணு," என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பினேன்.

"இன்னொரு தடவ சொல்லுடி."